கவுஞ்சியிலிருந்து ஒரு அமெரிக்க ஊர்

கோடைக்கானலின் சரித்திரத்தை யார் சொன்னாலும் 1845-இல்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த வருஷம் அமெரிக்கன் மதுரை மிஷன் ஸன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டியது. ஊட்டியும் சிம்லாவும் பிரிட்டிஷார் கண்டவை. இது அமெரிக்கர் போட்ட ஊர். ஆசைக்குப் போட்டதல்ல. மதுரைச் சீமையில் காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. முதலில் சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலை.

நான் கவுஞ்சிக்காரன். மன்னவனூர் தாண்டி, படிக்கட்டு வயல்களில் பூண்டு விளையும் ஊர். எங்கள் ஊருக்கு ஸ்தாபித்த வருஷம் என்று ஒன்று கிடையாது. 1821-இல் லெப்டினென்ட் வார்டு அளவைக்காக இந்த மலையேறியபோதே குன்னுவர் கிராமங்கள் இருந்தன. வெள்ளகவி வழியாக ஏறினார் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஒற்றையடிப் பாதை யார் காலால் உண்டானது என்பது சரித்திரத்தில் சேராது.

முக்கியஸ்தர்கள் உண்டு. 1863-இல் ஏரியை உண்டாக்கிய கலெக்டர் லெவிஞ்ச், 1872-இல் மலைவிளிம்பில் நடைபாதை போட்ட கோக்கர், 1901-இல் அமெரிக்கப் பள்ளிக்கு (இன்றைய சர்வதேசப் பள்ளி) முதல் பொறுப்பாளராக வந்த மார்கரெட் எடி. 1916-இல் மலைச்சாலை திறக்கும்வரை இப்படிப்பட்டவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலிகள் சுமந்து ஏறினார்கள். சுமந்தவன் பெயர் இல்லையே என்று புலம்பலாம். சுலபமான புலம்பல், நம் பத்திரிகைகளில் போதுமான அளவு வந்தாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒருவர், மேரி எவர்ஷெட். அவர் கணவர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கோடை வானாய்வுக்கூடத்தில் சூரியக் கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டறிந்தார். அந்த விளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மேரி, தாந்தே கண்ட வானத்தை அவர் காலத்து வானியலோடு வைத்து விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். தம்பதி இந்த மலையில் வாழ்ந்த வருஷங்களில், பிறந்த வீட்டுப் பெயரான ஆர் என்ற பெயரில், அது வெளிவந்தது. தாந்தேயிடம் பாவம் கழிக்கும் உலகம் ஒரு மலை, ஏழு படிக்கட்டுகள் கொண்டது. கவிதையில் வரும் நட்சத்திரத்தையும் நட்சத்திரமாகவே மதித்துக் கணக்குப் பார்த்த பெண் அவர். இந்தக் கண்டிப்பு நம்மிடம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்க் கதைகளில் கோடை என்றால் பனிமூட்டம், பங்களா, தேனிலவு. பக்க எண்ணிக்கை போதாவிட்டால் ஒரு தற்கொலை. பண்டிதர்களிடம் போனால் குறிஞ்சித் திணை. அதில் முருகன் உண்டு, தினை உண்டு, பூண்டு கிடையாது. குறிஞ்சியின் பெயரால் இங்கே முருகனுக்கு 1936-இல் கோயில் எடுத்ததும் பொன்னம்பலம் ராமநாதனின் ஆஸ்திரேலிய மனைவி லீலாவதிதான். நம்மவர் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

ஆகவே நான் குறித்துவைக்க ஆரம்பித்திருப்பது இவ்வளவுதான். பூண்டைப் பிடுங்கித் தாளோடு கட்டுகிறோம். அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிடுகிறோம். புகை பட்டால்தான் கெடாது. விதைக்கு எடுத்தது போக மிச்சம் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு வந்தது. பெயர், கோடைக்கானல் மலைப்பூண்டு.