பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று

இவ்வாண்டு மலருக்குப் பழைய மாணவர் என்னும் முறையில் யாதேனும் ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலராசிரியர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதி எம்மிடம் மிகுதியாக இல்லை. 2022-ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எம் கைகளையும் வேட்டியையும் கறைப்படுத்திய ஒரு வேலையே எம் நினைவில் முன்னிற்கின்றது. எம் வீட்டுப் பின்கட்டில் முப்பத்தோராண்டுகள் சாக்குப் போர்த்துக் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை மீண்டும் ஓடச் செய்ததே அவ்வேலை. யந்திர நுட்பத்தில் விருப்புடைய இளைஞர்க்கு இதில் சில செய்திகள் கிடைக்கும். எம்முடைய பிழையொன்றும் இதனுள் அடங்கியுள்ளது. அதனை விடுத்து எழுதின் எஞ்சுவது வெறும் இரும்பேயாகும்.

வண்டி ‘புல்லட்’ என்னும் பெயருடைய ராயல் என்பீல்டு. இப்பெயர் முதன்முதல் 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்துத் தொழிற்சாலையார் தம் வண்டியொன்றுக்கு இட்டது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டில், மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவோடு என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனி தோன்றிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில், முதலில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பொருத்தி வண்டியாக்கினர். சில ஆண்டுகளுக்குள் அவ்வுறுப்புகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். தாய்க் கம்பெனி 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் மறைந்தது. சேயோ இங்கே நிலைத்து வளர்ந்தது. எம் வண்டி 1971-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் பிறந்தது. அதற்கு ஒரே சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். கியர் மாற்றும் மிதி வலக்காலிலும், பிரேக் இடக்காலிலும் அமைந்திருத்தலின், இக்காலத்து வண்டிகளில் பழகியோர் இதன்மேல் ஏறின் முதல் நாள் தடுமாறுவர்.

எம் தந்தையார் உயர்நிலைப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்தவர். பாளையங்கோட்டையில் வீடு, பள்ளியோ ஆறு மைலுக்கு அப்பால். ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து அவ்வண்டியை 1979-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார். அவர் வாழ்நாளில் தம்பொருட்டு வாங்கிய பெரும்பொருள் அஃதொன்றே. காலையில் அது புறப்படும் ஓசை கேட்டே எம் தெருவினர் மணி எட்டென்று அறிவர். எம் தாயார் பின்னிருக்கையில் ஒருசாய்த்து அமர, பெட்ரோல் தொட்டியின்மேல் எம் தங்கையும், இருவர்க்கும் இடையில் யாமுமாகத் தாமிரபரணிக் கரைக்குச் சென்ற மாலைப்பொழுதுகள் இன்றும் எம் கண்முன் நிற்கின்றன. புறப்படுமுன் அவர் என்றும் தவறாது செய்வது ஒன்றுண்டு. எண்ணெய் வாயின் மூடியைத் திருகி, அதனோடு பொருந்திய அளவுக்கோலைத் துணியால் துடைத்து, மீண்டும் இட்டெடுத்து எண்ணெயின் மட்டத்தை நோக்குவார். அதன் பின்னரே சாவியைத் தொடுவார்.

1991-ஆம் ஆண்டு, யாம் இக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவராயிருந்த காலம். சாரல் பருவத்தில் நண்பர் ஒருவரோடு குற்றாலம் சென்றுவர வண்டியை வேண்டினோம். தந்தையார் சாவியைக் கொடுத்து, “எண்ணெய் பார்த்துக்கொள்” என்றார். “பார்த்தாயிற்று அப்பா” என்றோம். பார்க்கவில்லை. நண்பர் வாயிலில் காத்திருந்தனர், எமக்கு அவசரம். போகும்போது யாதொரு குறையுமில்லை. திரும்பி வருகையில், ஆலங்குளத்துக்கு அருகில், எஞ்சின் ஓசை மாறிக் கடுத்தது. யாம் அதனைப் பொருட்படுத்தாது விரைந்தோம். சிறிது நேரத்தில் பின்சக்கரம் இறுகித் தேய்ந்து, வண்டி சாலையோரத்தில் நின்றுவிட்டது.

நிகழ்ந்தது யாதென்று இன்று எம்மால் விளக்கவியலும். இவ்வகை எஞ்சினின் உடலிலேயே ஓர் அறை எண்ணெய்த் தொட்டியாக அமைந்துள்ளது. இரண்டேகால் லிட்டர் கொள்ளும். இரு சிறு பம்புகளுள் ஒன்று எண்ணெயை உறுப்புகளுக்கு ஊட்ட, மற்றொன்று மீட்டுத் தொட்டியில் சேர்க்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பினும் மிகுதியாக விரியும். இரண்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் உள்ளவரையில் உராய்வு இல்லை. அது வற்றின், விரிந்த பிஸ்டன் சிலிண்டரின் சுவரைக் கவ்வித் தன் உலோகத்தை அதன்மேல் இழுகிவிடும். மெக்கானிக்குகள் இதனை ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர்.

இதனினும் இழிவானதை இனிச் சொல்லுதல் வேண்டும். அளவுக்கோலை அப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். அதன் நுனியிலும் ஈரமில்லை. ஆலங்குளத்துக் கடையொன்றில் எண்ணெய் வாங்கி வந்து, குறித்த மட்டம்வரை ஊற்றினோம். பின்னரே லாரியொன்றில் வண்டியை ஏற்றி வீடு சேர்த்தோம். “எண்ணெய் நிறைய இருந்தது அப்பா, தானாக நின்றுவிட்டது” என்றோம். அவர் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தார், துடைத்துத் திரும்ப இட்டார், “சரி” என்றார். அவ்வளவே.

அவ்வாண்டு எம் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் பள்ளிச் செலவும் ஒருங்கே வந்தன. எஞ்சினைப் பழுதுபார்க்கப் பணமில்லை. தந்தையார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதிலேயே ஆறு மைலும் மிதித்துச் சென்று, ஓய்வு பெறுமளவும் அவ்வாறே காலங்கழித்தார். அவரை யாரேனும் வினவின், “உடம்புக்கு நல்லது” என்பார். யாம் வேலையேற்று வெளியூர் சென்றோம், பணமும் ஈட்டினோம். “வண்டியைச் சரிசெய்வோம்” என்று பலமுறை எண்ணியும், அச்சாக்கினை விலக்க எம் கை எழவில்லை. அதன் காரணம் பணமன்று என்பதை யாம் அறிவோம்.

2022-ஆம் ஆண்டில், பின்கட்டின் ஓடுகள் சரிந்தமையால் அவ்விடத்தை ஒழிக்க நேர்ந்தது. பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து, வண்டியைத் தராசுக் கணக்கில் கேட்டார். எண்பத்திரண்டு வயதான தந்தையார் திண்ணையில் அமர்ந்தபடியே, “கொடுத்துவிடு, இடம் அடைக்கிறது” என்றார். அவர் முகத்தை நோக்கினோம். வந்தவரை அனுப்பிவிட்டு, அன்று மாலையே சாக்கினை விலக்கினோம்.

எமக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் முறை கேட்டோம். அவ்வண்ணாச்சி, “அவசரப்பட்டு உதைக்க வேண்டாம். கழற்றுவதை ஒழுங்காகக் கழற்றினால், பூட்டுவது தானே வரும்” என்றார். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சீட்டெழுதிக் கட்டித் தகர டப்பாக்களில் இட்டோம். உள்ளே எங்கும் துரு ஏறியிருக்கும் என்று அஞ்சியிருந்தோம். பிளக் இருந்த துவாரத்திலும், கார்புரேட்டர் பொருந்தும் வாயிலும் எண்ணெயில் தோய்த்த துணி அடைத்திருந்தது. யாம் அடைத்ததன்று. சிலிண்டரைத் தூக்கினோம். அதன் அடியிலிருந்த காகிதப் பேக்கிங், கடையில் வாங்கியதன்று; பள்ளி வருகைப் பதிவேட்டின் மேலட்டையை அளவாக வெட்டிச் செய்தது. பிஸ்டனின் இருபுறமும் ஆழ்ந்த கீறல்கள். சிலிண்டரின் சுவரில் அலுமினியக் கறை. ஆனால், அவையெல்லாம் துருவின்றித் துலங்கின. யாரோ இவ்வெஞ்சினை முன்னரே திறந்து, கண்டு, எண்ணெய் பூசி, மூடி வைத்திருக்கின்றனர்.

வண்டியின் பக்கத்துக் கருவிப் பெட்டியைத் திறந்தபோது, ஸ்பானர்களோடு ஒரு கண்ணாடிப் புட்டியும் இருந்தது. அதனுள் எண்ணெய். ஓடிய எஞ்சினின் எண்ணெய் கரிபோற் கறுத்திருக்கும். இஃது அடியில் சிறிது மண்டியோடு தேன் நிறத்தில் நின்றது. புட்டியின்மேல் ஒட்டிய சீட்டில், விடைத்தாள்களில் மதிப்பெண் இடும் அதே சிறிய எழுத்தில், 1991 என்னும் ஆண்டும், “புல்லட்டிலிருந்து வடித்தது. ஓடாத எண்ணெய்” என்னும் குறிப்பும் இருந்தன.

நெடுநேரம் அங்கேயே குந்தியிருந்தோம். பின்பு, புட்டியை எடுத்துச் சென்று திண்ணையில் அவர் முன் வைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதனைப் பார்த்தார்.

“அன்று எண்ணெய் பார்க்கவில்லை அப்பா. பிறகு ஊற்றியதுதான் இது” என்றோம்.

“தெரியும்” என்றார்.

“அன்றே ஏன் கேட்கவில்லை?”

“நீயே சொல்வாய் என்று இருந்தேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்த எண்ணெயை எஞ்சினில் ஊற்றிவிடாதே, பழையதாய்ப் போயிற்று” என்றும் சொன்னார்.

அதற்குமேல் அதைப்பற்றி எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால், அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாற்காலி பின்கட்டுக்கு வந்தது. கைநடுக்கத்தால் அவரால் ஸ்பானர் பிடிக்கவியலாது. எது எதற்குப்பின் பொருந்தும் என்பதை மட்டும், எம் கையை நோக்கியபடி சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நட்டு தவறிக் கீழே விழுந்தால், யாம் தேடுமுன் அவர் கால்விரல் அதனைச் சுட்டும்.

சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொண்டு சென்று போர் செய்வித்தோம். கீறல் ஆழமாயிருந்தமையின், ஓர் அங்குலத்தில் 1000-ல் 20 பங்கு அகற்றியும் அது நீங்கவில்லை. 40 பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அகற்றி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இட்டோம். கனெக்டிங் ராடின் அடிப்புஷ்ஷும் எண்ணெயின்மையால் தேய்ந்திருந்தது, அதனையும் மாற்றினோம். இவ்வகை எஞ்சின் நெடுங்காலம் பெரிய மாறுதலின்றிச் செய்யப்பட்டு வந்தமையால், உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. பிளாட்டினம் முனைகளின் இடைவெளியை 1000-ல் 15 பங்காக வைத்தோம். பம்புகளைக் கழற்றி, எண்ணெய்ப் பாதைகளில் காற்று ஊதி, ஒவ்வொன்றும் திறந்திருப்பதைக் கண்ட பின்னரே மூடினோம்.

பெட்ரோல் தொட்டிக்குப் பளபளக்கும் புதுவகை வர்ணம் பூசலாம் என்று பலர் யோசனை கூறினர். தந்தையார் ஏறிய வண்டியாகவே அது இருத்தல் வேண்டும் என்று எண்ணினோம். ஆதலின் கறுப்பு வர்ணமே பூசினோம். தொட்டியின் விளிம்பிலோடும் பொன்னிறக் கோடுகள் கையால் இழுக்கப்பட்டவை. பெயர்ப் பலகை எழுதும் முதியவர் ஒருவர், மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் ஒவ்வொரு கோட்டையும் இழுத்துத் தந்தார். தொட்டியில் எம் தங்கை அமர்ந்து தேய்ந்த இடத்துச் சிறு பள்ளத்தை நிரவவில்லை, தந்தையார் வேண்டாமென்றார்.

2024-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு காலை, வண்டி புறப்படுதற்கு ஆயத்தமாயிற்று. இதனை உதைப்பதற்கும் ஒரு முறையுண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால், அது எதிர்த்து நிற்கும் இடமொன்று வரும். டி-கம்ப்ரஷன் பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சியினின்று சிறிதே கடத்துதல் வேண்டும். ஆம்மீட்டரின் முள் நடுவே வந்து நிற்கும். பின்பு பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுப் பாரத்தோடு ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திரும்பிக் கணைக்காலைத் தாக்கும்.

யாம் சாவியில் கைவைத்தோம். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: “எண்ணெய் பார்த்தாயா?”

கையை எடுத்தோம். மூடியைத் திருகி, அளவுக்கோலைத் துடைத்து, இட்டெடுத்து, இம்முறை அதனை அவரிடமே கொண்டு சென்று காட்டினோம். அவர் அதனை வாங்கி, நடுங்கும் விரல்களால் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, திருப்பித் தந்தார். “உதை” என்றார்.

மூன்றாம் உதையில் எஞ்சின் பிடித்தது. பின்கட்டு முழுதும் புகை சூழ்ந்தது. அண்டை வீட்டார் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தனர். தந்தையார் கண்களை மூடிச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “சற்று வேகமாக ஓடுகிறது, குறை” என்றார். குறைத்தோம். எம் தாயார் இவ்வோசையைக் கேட்க இல்லாமற்போனது ஒன்றே குறை.

அன்று மாலை, அவரைப் பின்னிருக்கையில் ஏற்றித் தெருமுனைவரை மெல்லச் சென்று திரும்பினோம். அவர் இரு கைகளும் எம் தோள்களைப் பற்றியிருந்தன.

மாணவ நண்பர்களே, பழைய யந்திரத்தைச் செப்பனிடுவதற்குப் பணமும் கருவியும் பொறுமையும் வேண்டுமென்று சொல்லுவர், வேண்டுவனவே. ஆனால், அவற்றுக்கெல்லாம் முன்னர், பழுது யாது, அது யாரால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அதனை ஒப்புக்கொள்ளாமையால், இரண்டாண்டில் முடியும் வேலைக்கு எமக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் ஒருவர் நாள்தோறும் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்தார். உங்களுக்கும் யாரிடமேனும் சொல்லவேண்டியது ஒன்று இருப்பின், அவர் காத்திருக்கின்றார் என்று எண்ணி, இவ்விடுமுறையிலேயே சொல்லிவிடுங்கள்.