அகக்காழ்

மரத்திற்கும் புல்லுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொல்காப்பிய மரபியல் வைரத்தை வைத்தே வகுக்கிறது. உள்ளே வைரம் பாய்ந்தது மரம். வெளியே வைரம் பாய்ந்தது புல். அவ்வகையில் தேக்கும் வேம்பும் அகக்காழ்; பனையும் தென்னையும் புறக்காழ், அதாவது புல். வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவரும் இச்செய்தியின் முழுப்பொருளை, வீட்டைத் திருத்திக் கட்டிய மாதங்களில் தச்சுப்பட்டறையில்தான் கண்ணால் கண்டோம்.

எண்பதைக் கடந்த அம்மா சக்கர நாற்காலியில் அமர வேண்டியவரானார். கூடத்திலிருந்து அவரது அறைக்குச் செல்லும் வாயிலின் அகலம் இரண்டேகால் அடி. நாற்காலி நுழையும், ஆனால் சக்கரத்தைத் தள்ளும் கை நிலைக்காலில் உரசும். மூன்றடியாக்க வேண்டும் என்பதில் உடன்பிறந்தோர் எங்களுக்குள் மாற்றுக் கருத்தில்லை. அம்மாவுக்குத்தான் மனமில்லை. கூடத்தில் நான்கு நிலைகள். நான்கும் தாத்தா வைத்த பர்மா தேக்கு. "ஒண்ணு மட்டும் தனியாத் தெரிஞ்சா, நோயாளி ரூம்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கும்" என்றார். ஆகவே நிறப்பொருத்தம் என்பது எங்களுக்கு அழகு பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

இரு நிலைக்கால்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், கீழ்ப்படியை எடுத்துவிட்டு மேற்சட்டத்தையும் கதவையும் மட்டும் புதிதாகச் செய்யலாம் என்றார் ஆசாரி. வேம்பில் செய்து அடர்ந்த ஸ்டெயின் அடித்தால் செலவு குறையும் என்பது அவர் காட்டிய முதல் வழி. ஒரு துண்டில் அடித்தும் காட்டினார். சாயம் ஒன்றானாலும் மரந்தோறும் அது வேறாகிவிடுகிறது. தேக்கில் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வளரும் பகுதியில் துளைகள் பெரியவை. சாயத்தூள் அவற்றில் தங்கி வரிகளை எடுத்துக்காட்டும். வேம்பில் துளைகள் பரவிக்கிடப்பதால் அவ்வரிகள் எழுவதில்லை. அதன் இயற்கைச் செம்மையும் சாயத்தின் அடியிலிருந்து மேலே வந்துவிடுகிறது. தொலைவில் ஒன்றுபோலும், அருகில் வேறாகவும் தெரிந்தது.

தேக்கு என்று முடிவாயிற்று. எந்தத் தேக்கு? மியன்மா 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, ஈக்வடார் முதலிய நாடுகளின் தோட்டத்தேக்கு நம் மரக்கடைகளுக்கு வருகிறது. விரைந்து வளர்ந்த இளமரங்களில் ஆண்டு வளையங்கள் அகன்றிருக்கும்; வைரம் பாயாத வெண்பகுதி மிகுந்திருக்கும். அவ்வெண்பகுதியைச் சாயத்தால் மறைக்க முயன்றால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே வெண்மையை நீக்கி, வைரம் மட்டுமே உள்ள பலகைகளாகத் தேர்ந்துகொண்டோம்.

அடுத்து எழுந்த கேள்வி, எந்த நிறத்தோடு பொருத்துவது என்பது. பழைய நிலையின் நிறம் மரத்தின் நிறம் மட்டுமன்று. பல்லாண்டு வார்னிஷ், விளக்குப்புகை, கைபட்ட எண்ணெய் எல்லாம் சேர்ந்தது அது. கீலைக் கழற்றியபோது வெளிச்சமே படாத இடத்தில் தேக்கு வெளிறிய பொன்னிறமாக இருந்தது. ஒரு விரல் தள்ளி அடர்ந்த பழுப்பு. பாலிஷ்காரர் முதலில் நிலைக்காலைத் தின்னரால் துடைத்து அழுக்கை எடுத்தார். பிறகு, கதவுக்கு அறுத்த அதே பலகையின் கழிவுத்துண்டுகளை, கதவை இழைக்கப்போகும் அதே எண் உப்புத்தாளால் தேய்த்தார். தேய்ப்பு சொரசொரப்பானால் சாயம் கூடுதலாக ஏறிக் கருக்கும் என்பது அவர் விளக்கம். ஐந்து துண்டுகளில் ஐந்து கலவை. ஒவ்வொன்றின் மேலும் பாலிஷ் பூச்சு. பூச்சு ஏறாமல் நிறத்தை முடிவுசெய்யக் கூடாதாம். துண்டுகளைத் தரையில் பரப்பாமல், நிலையின் அருகே நிமிர்த்தி வைத்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்தோம். பகலில் பொருந்திய ஒன்று இரவில் சிவந்து காட்டியது, அதை விலக்கினோம்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று பழைய நிலையோடு அன்றைக்கே ஒத்துப்போனது. மற்றது ஒரு படி வெளிறியது. வெளிறியதையே எடுக்கச் சொன்னார் பாலிஷ்காரர். புதுத்தேக்கு வெளிச்சம் பட்டுக் கருக்கும். முதிர்ந்த மரமோ பெரிதும் மாறாது. இன்று பொருந்துவது நாளை மிஞ்சிவிடும். இன்று குறைவது நாளை பொருந்தும். தொழிலறிந்தவரின் சொல், மறுக்க இடமில்லை. எத்தனை நாளாகும் என்று அம்மா கேட்டார். சில ஆண்டுகள் என்றார் அவர். அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஒத்துப்போகும் நிறத்தைத்தான் அடிக்கச் சொன்னோம். வீடு யாருக்காகத் திருத்தப்பட்டதோ அவர் கண்ணுக்கு இன்று பொருந்தவேண்டும் என்பதே எங்கள் கணக்கு. இனி வரும் ஆண்டுகளில் அந்த மேற்சட்டமும் கதவும் மற்றவற்றைவிடக் கருத்துத் தனித்துத் தெரியும். அப்போது அதைப் பார்க்கப்போகிறவர்கள் நாங்கள். அவ்வேற்றுமை எங்களுக்குரியது, அதைச் சாயமிட்டு மறைக்கும் எண்ணம் எங்களுக்கில்லை.