இருபத்தைந்து மணி

“அந்தக் காலத்திலே...” என்று எதையும் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவது என் வழக்கமாம். சென்ற பொங்கலன்று, வீடு நிறைய உறவினர் இருக்க, என் பேரன் அதை நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சமாதானத்துக்கு வந்தவன் ஓர் ஆங்கில இசைத் தொகுப்பைப் போட்டான். 1968-இல் தில்லி மாணவர் விடுதியில் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவனல்லவா நான்? இரண்டாம் பாட்டு முடியுமுன் தீர்ப்பு வழங்கினேன்: “இது 1967-ஆம் ஆண்டுச் சரக்கு. இப்போது யாருக்கு வரும் இந்த இசை?”

அது வெளிவந்ததோ 1985, ஏப்ரல் முதல் தேதி! இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்து எக்ஸ்.டி.சி. குழுவினர், ‘ட்யூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்’ என்று மாறுவேடம் புனைந்து செய்த குறும்பு. தொகுப்பின் பெயரே ‘25 ஓ கிளாக்’, இருபத்தைந்து மணி! ஆண்டி பார்ட்ரிட்ஜ் ‘சர் ஜான் ஜான்ஸ்’ ஆனார். காலின் மோல்டிங் ‘சிவப்புத் திரை’ என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டார். ஐயாயிரம் பவுன் செலவில் ஆறே பாட்டுகள்.

ஏமாந்த ஆத்திரத்தில், குற்றம் காணவென்றே அன்றிரவு தனியே அமர்ந்து கேட்டேன். பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, மெல்லட்ரானின் மூடுபனி போன்ற நாதம், கிதாரின் கரகரப்பு, எதுவும் தப்பவில்லை. தயாரிப்பாளர் ஜான் லெக்கி, பீட்டில்ஸ் பாடிய அதே ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1970-இல் ஒலிநாடா இயக்கும் ஊழியராகச் சேர்ந்தவர். பார்ட்ரிட்ஜோ 1953-இல் பிறந்தவர். அப்பாட்டுகள் வந்தபோது பதினான்கு வயதுச் சிறுவர். ‘பைக் ரைட் டு தி மூன்’ மட்டும் சற்று மிகை என்பேன். மற்றபடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உறங்கிய பாட்டுகளைத்தான் ஒருவரால் இப்படிக் கேலி செய்ய இயலும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. இவர்கள் சொந்தப் பெயரில் 1984-இல் வெளியிட்ட ‘தி பிக் எக்ஸ்பிரஸ்’ தொகுப்பைவிட, இங்கிலாந்தில் இந்த வேடமே அதிகம் விற்றது. முகத்தை விட்டுவிட்டு முகமூடியை வாங்கிப் போனார்கள் ரசிகர்கள்!

மறுநாள் பேரனை அழைத்து, பொங்கலன்று நடித்ததை மறுபடி செய்யச் சொன்னேன். தயங்கியபடியே செருமினான்.

“செருமல் சரிதான்,” என்றேன். “ஆனால் செருமிய பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைப்பேனே, அதை விட்டுவிட்டாய்.”

“அதுவும் இருந்தது தாத்தா. அதற்குள் நீங்கள்தான் எழுந்து போய்விட்டீர்கள்.”