அப்பாவின் பெயரில் ஒரு வண்டி

கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்கு அப்பா பன்னிரண்டு வருடமாக பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே வெற்றிலைக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, ரோட்டோரம் வைத்துக்கொண்டு நிற்பார். முட்டி வலி வந்த பிறகு பஸ் படி ஏறுவதே பெரும்பாடு. "ஒரு பழைய வண்டி வாங்கித் தர்றேன்பா" என்று நான் சொல்லும்போதெல்லாம், "வேணாம் பாப்பா, வண்டியால பட்டது போதும்" என்பார்.

அவர் பட்டது இதுதான். 2006-ல் தன் டி.வி.எஸ். 50-ஐ தெரிந்தவர் ஒருவருக்கு விற்றார். ஓசூரில் செய்த வண்டி. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான் என்பதால், அப்பாவுக்கு அது 'நம்ம ஜில்லா வண்டி'. பணத்தை வாங்கிக்கொண்டு, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இன்சூரன்ஸும் கட்டவில்லை. வண்டி இன்னும் இரண்டு கை மாறியது. 2008-ல் யாரோ ஓட்டிப்போய் ஒரு முதியவர் மேல் மோதிவிட்டார்கள். சம்மன் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான்கு வருடம் தருமபுரி கோர்ட்டுக்கு அலைந்தார். ஆர்.சி.யில் பெயர் அப்பாவுடையது, அதனால் நஷ்டஈடும் அவர் தலையில். அப்போது வைத்திருந்த பைக்கும் அம்மாவின் இரட்டை வடச் செயினும் போயின. பின்னால் 2018-ல் உச்ச நீதிமன்றமும் பல கை மாறிய ஒரு கார் வழக்கில் இதையே சொன்னது: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணுக்கு அவரே உரிமையாளர். பேப்பரில் அதைப் படித்துக் காட்டினேன். "எனக்கு எப்பவோ சொல்லிட்டாங்க" என்றார்.

போன வருடம் பஸ் படியில் தடுக்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். என்னிடம் நாற்பதாயிரம் இருந்தது. எங்களுக்கு வேண்டிய மெக்கானிக் மாமாவையும் கூட்டிக்கொண்டு கன்சல்டிங் கடைகளுக்குக் கிளம்பினோம்.

முதல் கடையில் பளபளவென்று ஒரு வண்டி. மாமா சாவியைத் தொடவே இல்லை, புறங்கையை இன்ஜின் பக்கத்தில் கொண்டுபோனார். கொதித்தது. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்காங்க. ஆறின வண்டி முதல் உதையில எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னுதாண்ணா பாக்கணும்" என்றார். மீட்டரில் 24,000 கிலோமீட்டர். ஆனால் கியர் லீவர் ரப்பரும் கால் வைக்கும் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தன. மீட்டரைத் திருப்பி வைப்பார்கள், ரப்பரைத் திருப்ப முடியாது அல்லவா?

இரண்டாவது கடையில் '2018 மாடல்' என்றார்கள். மாமா ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஹெட்லைட்டை அணைக்கும் ஸ்விட்ச் இருந்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே லைட் எரியும், அணைக்க ஸ்விட்ச் கிடையாது. (பகலில் எதிரே வருபவர்கள் 'லைட் எரியுது' என்று கை காட்டுவார்களே, அது இதனால்தான்.) ஆர்.சி.யைக் கேட்டோம். 2015.

மூன்றாவதாகப் பார்த்த ஸ்பிளெண்டர்தான் மாமாவுக்குப் பிடித்தது. ஆறிய இன்ஜின், இரண்டாவது உதையில் பிடித்தது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார், ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கவில்லை. டயரில் இருந்த நான்கு எண்ணைக் காட்டினார்: 3121. 2021-ன் முப்பத்தொன்றாவது வாரம் செய்த டயர். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போயின.

விலை 42,000. "பேரு மாத்தாம எடுத்துக்கிட்டீங்கன்னா 38-க்கு முடிச்சுக்கலாம். ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்து இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

அப்பா ஆர்.சி.யை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பெயர் யாரோ ஒரு பெரியவருடையது. பொம்மிடி பக்கத்துக் கிராமம். பைனான்ஸ் பெயரும் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்து ஏழு மாதம். நடுவில் ஒருவர் இந்த வண்டியை ஒரு வருடம் ஓட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"நாளைக்கு வர்றோம்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், "பாப்பா, வண்டி வாங்கறது அப்புறம். அந்த மனுசனை முதல்ல பாக்கணும்" என்றார். எனக்கு எரிச்சல்தான். லீவு போட்டிருந்தேன், வெயில் வேறு.

பெரியவர் மரவள்ளிக் காட்டில் இருந்தார். வண்டியைக் கொடுத்து இரண்டு வருடம் ஆயிற்று, மகன் புது வண்டி எடுத்தபோது தள்ளிவிட்டதாம். "அது எப்பவோ பேரு மாறியிருக்குமேங்க?" என்றார். அப்பா தன் கதையை முழுதாகச் சொன்னார். எங்களிடம்கூட அப்படி உட்கார்ந்து சொன்னதில்லை. செயினை விற்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். பெரியவரின் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். கடன் முடிந்ததற்கு பைனான்ஸ் கொடுத்த என்.ஓ.சி. அடியில் மடித்துக் கிடந்தது. அது இல்லாமல் பெயர் மாற்றமே நடந்திருக்காது. கடைக்காரரிடம் அது இல்லவே இல்லை!

மறுநாள் பெரியவரே எங்களோடு கடைக்கு வந்தார். விலை 40,000-த்துக்கு முடிந்தது. விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அப்பா ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. ஆன்லைனில் பதியும்போது ஓ.டி.பி. பெரியவர் போனுக்கு வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். இன்சூரன்ஸையும் அன்றே போட்டோம். அதற்கான பணத்தை அம்மா கொடுத்தார், எங்கிருந்து என்று சொல்லவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தும் அப்பா ஓட்டவில்லை. "கார்டு வரட்டும்." தினமும் காலையில் துணியை விலக்கி, ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் உறுமவிட்டு, மறுபடி போர்த்திவிடுவார். "வண்டி வாங்கினீங்களா, மாடு வாங்கினீங்களா?" என்று அம்மா கேட்டார்.

பத்தொன்பதாம் நாள் ஸ்பீடு போஸ்டில் ஆர்.சி. கார்டு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை இனிஷியலோடு எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் பெரியவருக்குப் போன் போட்டார். "அண்ணா, உங்க பேரு போயிடுச்சு. நிம்மதியா தூங்குங்க."

அந்த ஞாயிறு நாலு மணிக்கே வெற்றிலைக் கட்டுகளை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.