தகுதி வழக்கும் சத்திரசிகிச்சையும்

விழா மலர்களிற் பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் இளமையைப் பற்றியனவாகவே இருக்கும். விளையாட்டு மைதானமும், விடுதிச் சாப்பாடும், பிரம்பெடுத்த ஆசிரியரும் அவற்றில் தவறாது இடம்பெறுவர். யாம் இங்கே எழுதப் புகுவது முதுமையைப் பற்றி. அதிலும் ஆடவர் தம்முள்ளே பேசிக்கொள்ளக் கூசும் ஒரு நோயைப் பற்றி. இம்மலரைக் கையில் எடுப்போருட் பலர் அறுபதைக் கடந்தவர். மாணவரோ அத்தகையோரின் மக்களும் பேரரும் ஆவர். ஆதலின் இவ்விடயம் இங்கே பேசத்தக்கதே என்பது எம் துணிபு.

புரொஸ்டேற் என வழங்கும் சுரப்பி ஆடவர்க்கு மட்டுமே உரியது. சலப்பையின் அடியிலே சலக்குழாயைச் சூழ்ந்து, ஏறத்தாழ ஒரு பாக்களவில் அமைந்திருப்பது. வயது ஏறுந்தோறும் அது பருத்தல் இயல்பு. பருத்தலெல்லாம் புற்றுநோய் ஆகாது. ஆயினும் சிலரிடத்து அதிற் புற்று உண்டாகின்றது. அது பலரிடத்து ஆமைபோல நகரும். சிலரிடத்தோ எலும்புக்குத் தாவி உயிரைக் கொள்ளும். நோய் எவ்வகையிற் செல்லும் என்பதை முதல் நாளிலேயே முற்றத் தெளிதல் அரிது. முதியவர் ஒருவர் இந்நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்வதா, விடுவதா என்று மயங்குவதற்குக் காரணமும் இதுவே.

எம் பெரியப்பா வலிகாமத்திலே தோட்டஞ் செய்து வாழ்பவர். 72ஆம் வயதில், இரவில் நாலைந்து முறை எழ நேர்ந்தமையால், களுபோவிலவில் வாழும் மகளின் வீட்டுக்கு வந்தார். ஊரார் களுபோவில வைத்தியசாலை எனக் கூறும் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை அவ்வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவில் உள்ளது. அவர் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் மிகுந்திருந்தது. ஸ்கான் பரிசோதனையும், ஊசியாற் சிறிது இழையத்தை எடுத்துச் செய்த பரிசோதனையும் தொடர்ந்தன. கிளீசன் எண் 7 என்றும், நோய் சுரப்பியின் எல்லையைக் கடக்கவில்லை என்றும் முடிவு வந்தது.

பெரியப்பாவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியா. வைத்தியருக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். இடைநின்று மொழிபெயர்க்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. கிளினிக் வாயிலில் அவர் மகள், எமக்குத் தங்கை, எம்மை ஒருபுறம் அழைத்து, “அண்ணை, அந்த வருத்தத்தின்ரை பேரை மட்டும் அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மனம் உடைஞ்சுபோவார்” என்று கண்கலங்கினாள்.

பள்ளியிலே யாம் ஆண்டுதோறுங் கற்பிக்கும் பாடமொன்று அப்பொழுது நினைவுக்கு வந்தது. தகுதி வழக்கு மூவகைப்படும் என்று நன்னூல் வகுக்கும். அவை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன. அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறல் இடக்கரடக்கல். இறந்தாரைத் துஞ்சினார் என்றாற்போல, தீயதை நல்ல சொல்லாற் கூறல் மங்கலம். ஒரு தொழிலார் தமக்குள் விளங்க வழங்குவது குழூஉக்குறி. அந்தச் சிறிய அறையில் மூன்றும் ஒருங்கே இருந்தன. வைத்தியரின் பி.எஸ்.ஏ.யும் கிளீசன் எண்ணும் குழூஉக்குறி. தங்கையின் “அந்த வருத்தம்” மங்கலம். இனி வைத்தியர் கூறப்போகும் பின்விளைவுகளோ, யாவரும் இடக்கரடக்கலாலே போர்த்துவிட நினைப்பவை. தகுதி வழக்கு மொழிக்கு அழகே. ஆனால் உடம்பு பெரியப்பாவினது. சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியவரும் அவரே. எதற்கு ஒப்பமிடுகின்றார் என்பதை அவர் அறியாதிருத்தல் எவ்வாறு பொருந்தும்? யாம் நோயின் பெயரைக் கூறினோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “பூச்சியின்ரை பேர் தெரியாமல் மருந்தடிக்கிறவன் தோட்டக்காரனே, தம்பி? மிச்சத்தையும் கேட்டுச் சொல்லும்” என்றார்.

வைத்தியர் மூன்று வழிகளை எடுத்துக் கூறினார். முதலாவது, சுரப்பியை முழுவதும் அகற்றுதல். இரண்டாவது, கதிர்ச்சிகிச்சை. அதற்கு மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பல வாரங்கள் நாடோறுஞ் செல்லல் வேண்டும். உடன் ஓமோன் ஊசியும் வேண்டியதாகலாம். மூன்றாவது, இப்பொழுது ஒன்றுஞ் செய்யாது, காலந்தோறும் பரிசோதித்து வருதல். இன்னும் பத்தாண்டாவது வாழக்கூடிய உடல்நிலை உடையார்க்கே சத்திரசிகிச்சையை எடுத்துரைப்பது வழக்கம் என்றும், எண்பதைக் கடந்து இருதய நோயும் உடையார்க்கு இதனை விட்டுவைத்தலே நல்ல வைத்தியமாகலாம் என்றும் அவர் விளக்கினார். பெரியப்பாவின் இருதயம் உறுதியாயிருந்தது. அவர் தந்தையார் தொண்ணூறு கடந்து வாழ்ந்தவர்.

அவ்விரவு தொடக்கம் யாம் கிடைத்தவற்றை வாசித்தோம். இச்சுரப்பியைப் புற்றுநோய்க்காக முற்றாக அகற்றும் முறையை அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஹியூ யங் என்பார் 1904இல் நிறுவினார். அங்கேயே பற்றிக் வோல்ஷ் என்பார் 1982இல், ஆண்மைக்குரிய நரம்புகளைக் காத்து அறுக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரும் இழப்பு முற்றாக நீங்கிற்றில்லை.

பயன் எவ்வளவு என்பதற்குப் பெரிய ஆய்வுகள் இரண்டு எமக்கு உதவின. சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் 1989 முதல் 1999 வரை 695 ஆடவரைச் சேர்த்து, ஒரு பகுதியார்க்குச் சத்திரசிகிச்சை செய்தும், மற்றையோரை விட்டுவைத்தும் ஆராய்ந்தனர். 2018இல் வெளிவந்த முடிவின்படி, சத்திரசிகிச்சை பெற்றோர் சராசரி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர். ஆனால் சேரும்பொழுதே 65 வயதைக் கடந்திருந்தோரிடத்து ஆயுள் மிகுதல் அத்துணைத் தெளிவாகத் தோன்றவில்லை. நோய் பரவுதல் குறைந்தமையே அவர்கள் பெற்ற பயன். பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையான 1,643 பேரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வெளியாயிற்று. மூன்று வழிகளுள் எதனைப் பெற்றாலும், நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் அக்காலத்தில் இந்நோயால் இறந்திலர். நோய் பரவியோர், கண்காணிப்பில் இருந்தோருள் நூற்றுக்கு 9 பேர். ஏனைய இரு வகையாருள் நூற்றுக்கு 5 பேர். சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 18 முதல் 24 பேர் வரை, ஏழாண்டு கடந்த பின்னரும் சலக் கசிவுக்காக அணையாடை கட்டினர்.

இவ்வெண்கள் பெரியப்பாவுக்கு விடை தரவில்லை. ஆனால் வினாவைத் திருத்தின. “சாவதா, பிழைப்பதா” என்று வந்த வினா, “இனிவரும் ஆண்டுகளை எவ்வகை இழப்போடு வாழ்வது” என்று மாறிற்று. அவ்வினாவுக்கு விடை கூறத்தக்கவர் அவரொருவரே.

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் பின்விளைவுகளைக் கூறினார். தகப்பன் நிலையில் உள்ளவர்க்குக் கூறக் கூசும் சொற்கள் அவை. யாம் சுற்றி வளைக்காது, “இருமினாலும், தும்மினாலும், பாரந் தூக்கினாலும் சலம் கசியும், மாதக்கணக்கிற் குறையும், முற்றாக நில்லாமலும் போகலாம். ஆண்மை பெரும்பாலும் தளரும், இந்த வயதில் அது மீள்வது அரிது” என்று கூறினோம். அவர் எம்மை நோக்காது நிலத்தை நோக்கினார். “இதுக்கு நான் மட்டும் மறுமொழி சொல்லேலாது. கொம்மா பெரியம்மாவையும் கேக்கவேணும்” என்றார். அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். பெரியம்மா என்ன கூறினார் என்று யாம் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. காலையில், “வெட்டி எடுக்கட்டும். ஏழெட்டுக் கிழமை பஸ்ஸிலை போய்வர என்னாலை ஏலாது, வெங்காயம் நடுகிற காலத்துக்கு நான் ஊரிலை நிக்கவேணும்” என்றார். எண்களைவிட வெங்காயம் அவர்க்கு நெருங்கிய காரணம். அதனைக் குறைகூற யாம் யார்?

சத்திரசிகிச்சை இடரின்றி முடிந்தது. பின்வந்தவையே கடினமானவை. இரண்டு வாரம் கதீற்றர்க் குழாயும் பையுமாக இருந்தார். பையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டே வந்தாரை வரவேற்றார். குழாயை எடுத்தபின் கசிவு தொடங்கிற்று. தம் உடுப்பை மகள் துவைக்க விடாது, விடியுமுன் எழுந்து தாமே துவைத்து உலர்த்தினார். சலத்தை இடையில் நிறுத்துவதுபோல அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தாதி காட்டிக்கொடுக்க, அதனைச் சந்தியாவந்தனம்போல நாளும் முப்பொழுதுஞ் செய்தார். மூன்று மாதத்திற் பாதி குறைந்தது. ஓராண்டின் பின், பாரந் தூக்கும்பொழுது மட்டுமே கசிந்தது.

அந்தப் பாரமே அவர் மனத்தை வருத்தியது. ஊர்க் கோயில் திருவிழாவிற் சுவாமி காவும் தண்டுக்கு நாற்பது ஆண்டாகத் தோள் கொடுத்தவர் அவர். அவ்வாண்டு தம் இளைய மகனை அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, ஈர உடையோடு உள்ளே செல்லல் ஆசாரமன்று என எண்ணி, வெளிவீதியிலேயே நின்றார். அதனைக் கண்ட குருக்கள் காரணம் வினவ, மறையாது கூறினார். முதியவரான குருக்கள் நகைத்து, “எனக்கும் அந்தச் சுரப்பி வீங்கித்தான் இருக்கு. சுத்தமாய் உடுத்திக்கொண்டு உள்ளை வாரும்” என்றாராம். அச்செய்தி வீதியிற் பரவ, அவ்வாரத்திலேயே ஊரவர் மூவர் தனித்தனியே வந்து, தமக்கும் இரவில் அடிக்கடி எழ நேர்கின்றது, எங்கே காட்டுவது என்று கேட்டனர். அம்மூவரும் அதுகாறும் எவரிடமும் வாய் திறந்திலர்.

ஆண்மை மீளவில்லை. அதனைப் பற்றி அவர் எம்மிடம் ஒருமுறையே பேசினார்: “அது தெரிஞ்சு குடுத்தது, தம்பி, களவு போனதில்லை.”

யாம் அறிந்த மற்றொரு பெரியவர் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வாழ்ந்தார். அவர்க்கும் இதே சத்திரசிகிச்சை நடந்தது. ஆனால் “சின்ன அடைப்பு” என்று கூறியே பிள்ளைகள் ஒப்பமிடுவித்தனர். கசிவு கண்டபொழுது வைத்தியர் தம்மைக் கெடுத்துவிட்டார் என்றே அவர் கருதினார். கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர், பின் அப்பக்கம் செல்வதையே நிறுத்திக்கொண்டார். இருவர்க்கும் நேர்ந்த இழப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் அதனை முன்னரே அறிந்திருந்தார், மற்றவர் அறிந்திலர்.

பெரிய பதவியில் உள்ளாரும் இக்கூச்சத்துக்கு விலக்கல்லர். அப்பொழுது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த லொயிட் ஒஸ்ரின், தம் 70ஆம் வயதில், 2023 டிசெம்பரில் இச்சத்திரசிகிச்சை பெற்றார். அதன் இடர்ப்பாட்டால் 2024 சனவரி முதலாந் திகதி மீண்டும் வைத்தியசாலையிற் சேர்ந்தபொழுதும், பல நாள் தம் சனாதிபதிக்கே அறிவித்திலர். பின்னர் அதற்காகப் பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தார். நெல்சன் மண்டேலாவோ 2001இல், 83ஆம் வயதில் நோய் கண்டபொழுது அதனை உலகறியக் கூறி, கதிர்ச்சிகிச்சை பெற்று, 2013இல் 95ஆம் வயதிற் காலமானார். அவரவர் வயதுக்கும் நோயின் இயல்புக்கும் ஏற்ப வழிகள் வேறாகும் என்பதற்கும் இவ்விருவர் சான்றாவர்.

பழைய மாணவராகிய அன்பர்க்கு யாம் கூறுவது இது. சலங் கழிப்பதில் மாற்றங் கண்டால் வைத்தியரிடஞ் செல்லுங்கள். நோய் கண்டால், மூன்று வினாக்களைக் கேளாது ஒப்பமிடாதீர்கள்: என் நோய் விரைந்து வளர்வதா, மெல்ல வளர்வதா? ஒன்றுஞ் செய்யாதுவிடின் பத்தாண்டில் என்ன நேரும்? இச்சிகிச்சையால் யான் இழப்பன எவை? விடையை உம் இல்லாளோடு இருந்து கேட்டல் இன்னும் நன்று.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். மும்மொழி வழங்கும் இந்நாட்டிலே, பாட்டனாருக்காகக் கிளினிக்கில் மொழிபெயர்க்கும் வேலை என்றோ ஒருநாள் உங்களுக்கு வரும். இடக்கரடக்கலும் மங்கலமும் பரீட்சைக்கு வேண்டியவை. அவற்றை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். வைத்தியரின் அறையில் மட்டும், அவர் கூறியதை ஒரு சொல்லுங் குறையாது, பணிவோடு, பாட்டனாருக்கு எடுத்துக் கூறுங்கள்.