ஒரு காய்ந்த இலையும் ஒரு ஸ்ட்ரோக்கும்

பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "கோல்ஃப் கிளப்புல இருக்கான்" என்று மட்டும் சொல்லி என் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டார். அங்கே என்னவாக இருக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் நான் கேடி என்பது என் மனைவிக்குத் தெரிந்தது.

"அடுத்தவங்க பையைத் தூக்கிக்கிட்டு நடக்குறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டாள். 22 வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன சீசனில் ஒரு வாரம் நடந்ததை எழுதினால் ஒருவேளை முழுப் பதிலாக இருக்கலாம்.

நான் பெங்களூர்க்காரன். அல்சூரில் வளர்ந்தவன், தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். பதின்மூன்று வயதில் பந்து பொறுக்கப் போய், பதினாறில் பை தூக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே ஜெயித்தார். அன்றைக்கு எங்களில் ஒவ்வொருவனும் தானே ஜெயித்த மாதிரி நடந்தான். எனக்கு அந்த அளவு ஆட்டம் வரவில்லை. பையோடு நின்றுவிட்டேன்.

ஆறு வருடமாகத் தொழில்முறையில் ஆடும் பெண்களோடு போகிறேன். "ஆம்பளைங்க டூர்ல பரிசுப் பணம் அதிகம், அங்க போகாம இங்க ஏன்?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். பணம் அங்கே அதிகம்தான். ஆனால் இந்தப் பெண்கள் பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

நான் போகும் பெண்ணுக்கு 24 வயது. பெயர் வேண்டாம். என்னை "அண்ணா" என்பாள். நான் மற்றவர்கள் முன்னால் "மேடம்" என்பேன், தனியாக இருந்தால் "ஏம்மா" என்பேன்.

டெல்லியை ஒட்டிய குருகிராமில் நடக்கும் பெரிய போட்டி அது. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து ஆடுவார்கள். அவள் விமானத்தில் போவாள். நான் சனிக்கிழமை சாயந்திரம் கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில் டெல்லி. நாலு கேடிகள் சேர்ந்து ஒரு அறை எடுத்துக்கொள்வோம். ஒருவர் குறட்டை விட்டால் மூன்று பேருக்கும் சிவராத்திரி.

கேடி வேலைக்கு உலகம் முழுக்க மூன்றே விதி சொல்வார்கள். நேரத்துக்கு வா, கூடவே நட, வாயை மூடு. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதைப் பழக எனக்குப் பத்து வருடம் ஆனது. எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிய இன்னொரு பத்து வருடம்.

செவ்வாய்க்கிழமைதான் எங்கள் உண்மையான வேலை நாள். பயிற்சி ஆட்டம். அந்த மைதானம் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் வடிவமைத்தது. பங்கர்கள் கிணறு மாதிரி ஆழம். அவள் ஆடும்போது நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே நடப்பேன். இந்த மரத்திலிருந்து பங்கர் விளிம்புக்கு எத்தனை யார்டு, கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தப் பக்கம் போனால் தப்பிக்கலாம், எந்தப் பக்கம் போனால் அவ்வளவுதான் என்று எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். குருகிராம் அவ்வளவு உயரம் இல்லை. ஊரில் 150 யார்டு போகிற அடி இங்கே மூன்று, நாலு யார்டு குறைவாக விழும். மூன்று யார்டுதானே என்று நினைக்காதீர்கள். கிரீனுக்கும் பங்கருக்கும் நடுவே அவ்வளவுதான் இடம் இருக்கும். அவள் "எவ்ளோ?" என்று கேட்பாள். நான் ஒரு எண் சொல்வேன். அவள் திருப்பிக் கேட்காமல் கிளப்பை உருவுவாள். எங்கள் வேலையின் மொத்தமும் அந்தத் திருப்பிக் கேட்காததில்தான் இருக்கிறது.

புதன்கிழமை ஸ்பான்சர்களோடு சில பேர் ஆடுவார்கள். அதில் அவள் பெயர் இல்லை. பட்டிங் மட்டும் பழகினாள். நான் கிளப்புகளைத் துடைத்தேன், எண்ணினேன். பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது. 2001-ல் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த இயன் வூஸ்னம் பையில் பதினைந்தாவதாக ஒன்று இருந்துவிட்டது. இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. எண்ணாமல் விட்டது கேடி. அந்தக் கதை தெரியாத கேடி உலகத்திலேயே கிடையாது. நான் ராத்திரி ஒரு தரம், காலையில் ஒரு தரம், முதல் டீயில் ஒரு தரம் எண்ணுவேன்.

வியாழக்கிழமை முதல் சுற்று. குடை, தண்ணீர், துண்டு, பழம் எல்லாம் சேர்ந்து பை பதினைந்து கிலோ வரும். அதோடு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடை. கேடிகள் போடும் மேலங்கியில் முதுகுப் பக்கம் ஆட்டக்காரரின் பெயர் இருக்கும். என் பெயர் எங்கேயும் இருக்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. யாருக்காக நடக்கிறோம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு நடக்கும் வேலை வேறு எது?

அன்றைக்கு 75 அடித்தாள். மைதானத்தின் கணக்கு 72. மூன்று அதிகம். மோசமில்லை.

வெள்ளிக்கிழமையை எல்லோரும் 'கட்' என்பார்கள். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கினால் பரிசுப் பணம் உண்டு. தங்காவிட்டால் ஒரு பைசா கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல், என் சம்பளம் எல்லாம் அவள் கையிலிருந்து. அந்த வருடம் அவளுக்கு ஸ்பான்சர் இல்லை. அவள் அப்பா எதை அடகு வைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன்.

பதின்மூன்று குழி முடிந்தபோது மொத்தம் ஐந்து அதிகம். கட் ஆறில், ஏழில் நிற்கும் என்று பேச்சு. பதினாலாவதில் அவள் அடித்த முதல் பந்து வலது பக்கம் மரத்தடிப் புல்லில் விழுந்தது. நான் முன்னால் போய்விட்டேன். அவள் சற்றுத் தள்ளி நின்று கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்துக்குப் பின்னால் ஒரு காய்ந்த இலை. எடுக்கலாம், விதிப்படி கேடி எடுக்கலாம். எடுத்தேன். பந்து நகர்ந்தது.

பாதிப் பந்து அளவுகூட இருக்காது. ஆனால் நகர்ந்தது.

கிரீனில் இப்படி ஆனால் தண்டனை இல்லை, எடுத்து வைத்துக்கொள்ளலாம். புல்லில் ஆனால் ஒரு ஸ்ட்ரோக். கேடி செய்தாலும் ஆட்டக்காரர் தலையில்தான். இன்னொன்றும் எனக்குத் தெரியும். பந்து லேசாக ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றுவிட்டால் அது நகர்ந்த கணக்கில்லை. அந்த மூன்று விநாடியில் என் மனசு அதைத்தான் பிடித்துக்கொண்டது. 'ஆடுச்சுடா, அவ்ளோதான். நகரல.' சுற்றிலும் யாரும் இல்லை. கேமரா இல்லை. கூட ஆடிய இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் இருந்தார்கள். ஐந்தில் நிற்கிறாள். அப்பா அடகு வைத்திருக்கிறார்.

நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. அந்த மூன்று விநாடியும் நான் நல்லவனாக இல்லை. அவள் நடந்து வந்து, வழக்கம்போல "எவ்ளோ அண்ணா?" என்றாள். என் வாயில் எண் வரவில்லை. இந்த வாயால் ஒரு பொய்யை விழுங்கிக்கொண்டு, இதே வாயால் 138 என்று எப்படிச் சொல்வது?

"ஏம்மா, இலையை எடுத்தேன். பந்து நகர்ந்துடுச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். கூட ஆடிய பெண்ணிடமும் சொன்னாள். நடுவர் வந்து என்னிடம் கேட்டார். ஆடியதா, நகர்ந்ததா? நான் விரலால் காட்டினேன். இவ்வளவு. அவர் தலையாட்டினார். பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடினாள். ஐந்தில் முடிந்தது. நாலில் முடிந்திருக்க வேண்டிய குழி.

அதற்குப் பிறகு கேள்வி "எவ்ளோ?" மட்டும். "அண்ணா" இல்லை. பதினாறில் இன்னொன்று போனது. பதினெட்டில் ஆறு அடி பட்டை உள்ளே தள்ளி, 76-ல் முடித்தாள். மொத்தம் ஏழு அதிகம்.

நாங்கள் காலையில் ஆடியவர்கள். மதியக் குழுக்கள் முடியும் வரை காத்திருக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு கட் ஏழில் நின்றது. மூன்று மணிக்கும் ஏழு. அவள் பட்டிங் கிரீனில் பந்துகளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து சுத்தமாக இருந்த கிளப்புகளையே மறுபடி துடைத்தேன். நாலரைக்குக் காற்று அடங்கியது. பின்னால் வந்தவர்கள் நன்றாக முடித்தார்கள். கட் ஆறுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரே ஒரு ஸ்ட்ரோக்.

ஒரு ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட் 7-ம் தேதி சனிக்கிழமை, கோல்ஃபே தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் வெண்கலத்தை ஒரு ஸ்ட்ரோக்கில் விட்டு நாலாவதாக வந்தார். அன்றைக்கு அவர் பையைத் தூக்கியது அவருடைய அம்மா. 2016 ரியோவில் அப்பா. அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டு அந்தக் கடைசிக் குழியிலிருந்து நடந்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கார் நிற்கும் இடத்துக்குப் பையைக் கொண்டுபோனேன். அவள் டிக்கியைத் திறந்துவிட்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. "நீங்க சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. அந்த இலையை ஏன் தொட்டீங்க? அது எனக்கு இடைஞ்சலே இல்லையே" என்றாள்.

அதுதான் சரியான கேள்வி. மதியம் முழுக்க, உண்மையைச் சொன்னேனே என்று உள்ளுக்குள் நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியில் அது இறங்கிவிட்டது. உண்மையைச் சொன்னது பெரிய காரியமில்லை. தேவையில்லாமல் கை வைத்தது தப்பு. முப்பது வருட அனுபவம் என்கிற மிதப்பில், கண் பார்க்கும் முன்னால் கை போய்விட்டது.

"தப்புதான்மா" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

கவரை நீட்டினாள். வாரச் சம்பளம் முழுசாக இருந்தது. பாதியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "தப்பு ஆட்டத்துல நடந்தது. நீங்க வாரம் முழுக்க வேலை பார்த்தீங்க" என்றாள். கார் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி, "அடுத்த மாசம் ஹைதராபாத். டிக்கெட் போட்டுடுங்க அண்ணா" என்றாள்.

அந்த 'அண்ணா'வைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

ஊருக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அப்ப பை மட்டும் தூக்கலை நீங்க" என்றாள். அவ்வளவுதான். 22 வருடத்துக்கு அது போதும்.

மறுநாள் கிளப்பில் ஒரு பெரியவருக்குப் பை தூக்கினேன். மூன்றாவது குழியில் பந்துக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த இலை. "எடுப்பா அதை" என்றார்.

"சார், அது பந்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. இருந்தா ஒண்ணும் பண்ணாது, அப்படியே அடிங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.