31 என்னும் எண்

2021 ஏப்ரல் கடைசி வாரம். தில்லியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே நாளில் ஆர்டி-பிசிஆர் முடிவு வந்தது. இருவருக்கும் கொரோனா. அவருடைய சி.டி. மதிப்பு 17, அம்மையாருடையது 31. இந்த எண் குறையக் குறைய வைரஸ் மிகுதி என்பது அந்நாள்களில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த பாடம். ஆகவே மகள் முகக்கவசத்துடன் தந்தையின் கட்டிலருகே அமர்ந்தாள். ஆக்சிமீட்டரும் அவர் விரலிலேயே இருந்தது. தாய் அடுக்களையில் இஞ்சித் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். இஞ்சியின் மணம் தெரியவில்லை என்று ஒருமுறை சொன்னார். 31 என்றிருந்ததால் எவரும் அஞ்சவில்லை. மூன்றாம் நாள் அவருடைய ஆக்சிஜன் அளவு 84 ஆக இறங்கியது. படுக்கை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. தந்தை பிழைத்தார், தாய் திரும்பவில்லை.

அந்த எண் பொய் சொல்லவில்லை. வைரஸின் மரபணுத் துணுக்கு கருவியின் கண்ணுக்குப் புலப்பட எத்தனை சுழற்சி பெருக்க வேண்டியிருந்தது என்பதே சி.டி. மதிப்பு. ஒவ்வொரு சுழற்சியிலும் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். 17-க்கும் 31-க்கும் இடையே உள்ள 14 சுழற்சிகள் 16,000 மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். ஆனால் அது, அன்று, அந்த மூக்கிலிருந்து, அந்தப் பஞ்சுக் குச்சியில் ஒட்டியதன் அளவு மட்டுமே. பேராசிரியருக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாளே ஆகியிருந்தது. மனைவியோ ஒரு வாரமாகக் காய்ச்சலைச் சொல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரத்தில் மூக்கில் வைரஸ் குறையும். சிலருக்கு அப்போதுதான் உடலின் எதிர்ப்பே நுரையீரலை அழற்சியில் ஆழ்த்தும். சி.டி. மதிப்பைக் கொண்டு நோயின் தீவிரத்தைக் கணிக்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-லேயே அறிவுறுத்தியிருந்தது. அறிவுரை வீடுகளை எட்டவில்லை, எண் எட்டியது.

மொழியும் தன் பங்குக்குக் குழப்பியது. நுரையீரல் ஸ்கேனுக்கும் 'சி.டி.' என்றே பெயர். அதில் 25-க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார்கள். அங்கே எண் கூடினால் கேடு; இங்கே எண் கூடினால் ஆறுதல். அம்மையாரின் ஸ்கேன் மதிப்பெண் 19 என்றபோது, "31 இப்போது 19 ஆகிவிட்டதா?" என்று ஓர் உறவினர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கு விளக்க அந்த வீட்டில் அப்போது எவருக்கும் வலுவில்லை.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தது. இம்முறை மகளுக்குத் தொற்று, சி.டி. மதிப்பு 18. தந்தை அன்றிரவு உறங்கவில்லை. மணிக்கொரு முறை அவள் விரலைப் பற்றி ஆக்சிமீட்டரைப் பொருத்தினார். அவளுக்கோ தொண்டை வலி, மூக்கொழுகல், உடல்நோவு. தேநீரில் இஞ்சி மணத்தது. நான்காம் நாள் எழுந்து நடந்தாள்.

ஏறத்தாழ அதே எண்; நோய் வேறு. டெல்டா தொற்றியவர்களிடம், தொற்று முதலில் கண்டறியப்பட்ட நாளில், மூல வைரஸைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வைரஸ் இருந்ததாகச் சீனாவின் குவாங்டாங் ஆய்வு கூறியது. ஒமிக்ரானின் அளவு டெல்டாவை விஞ்சியதாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. ஆயினும் அது இன்னும் விரைந்து பரவியது. முந்தைய எதிர்ப்பாற்றலுக்குத் தப்பும் திறன் அதற்கு ஒரு காரணம். ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அது மூச்சுக்குழல் திசுவில் டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ மந்தமாகவே பெருகியது. தடுப்பூசி போட்ட பிரித்தானியரிடையே நடந்த ஆய்வில், டெல்டா காலத்தில் 52.7 சதவீதத்தினர் மணம் இழந்தனர். ஒமிக்ரான் காலத்தில் 16.7 சதவீதத்தினரே. தொண்டை வலியோ 60.8-லிருந்து 70.5 சதவீதமாக உயர்ந்தது.

உடனே ஊரெங்கும் 'லேசானது' என்ற சொல் பரவியது. அது ஒப்பீட்டுச் சொல்; எதனோடு, யாருடைய உடலில் என்று கேட்காமல் அதற்குப் பொருள் கொள்ள இயலாது. மகள் இரண்டு தவணை தடுப்பூசி போட்டவள். அதே 2022 தொடக்கத்தில், முதியோர் பலர் தடுப்பூசி போடாதிருந்த ஹாங்காங்கில் இந்த 'லேசான' வைரஸ்தான் பிணவறைகளை நிரப்பியது.

அறிகுறி என்பது அறிவதற்கான குறி. ஊருக்கு ஊர் வழக்கு மாறுவதுபோல் திரிபுக்குத் திரிபு குறியும் மாறுகிறது. பழைய அகராதியோடு புதிய பேச்சைப் படித்தால் பொருள் தவறும்; இங்கே பொருள் தவறினால் உயிர் தவறும்.

இப்போதும் யாரேனும் காய்ச்சல் என்று அழைத்தால் பேராசிரியர் எண்ணைக் கேட்பதில்லை. இது எத்தனையாவது நாள், மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்து, சொல்லாமல் இருக்கிறார்களா என்றும் கேட்கிறார்.